உட்பக்கம் திறக்கும் கதவு

நான் ஒரு கதவைப் பொய்யாகச் செய்தேன்.

கை தவறியதல்ல. அளவு பிசகியதல்ல. தெரிந்தே செய்தேன். மூன்று மாலைகள் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் செய்தேன்.

அந்தக் கதவின் உயரம் இரண்டு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அகலம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. இதற்குப் போய் ஒரு வாக்குமூலமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். அந்தக் கதவால் ஒரு பெண் தான் செய்யாத குற்றத்தைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டாள். இன்றுவரை அவளுக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும்.

திருப்பாதிரிப்புலியூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கூடம் உண்டு. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நான் பல் செட் செய்து அனுப்புவேன். மெழுகைச் செதுக்குவது, மெல்லிய கம்பியை வளைப்பது, மயிரிழை அளவுக்குத் தேய்ப்பது... இதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு.

மிச்ச நேரத்தில் ரயில் பெட்டி செய்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மாயவரம்வரை முன்பு மீட்டர்கேஜ் பாதை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அகலப்பாதை வந்தபின் அந்தப் பெட்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றைத்தான் நான் எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்கிறேன். ஓடாது. மேசைமேல் நிற்கும். ஜன்னலுக்கு நான்கு கம்பி என்றால் நான்கே கம்பி. பலகை இருக்கைக்கு எட்டுச் சட்டம் என்றால் எட்டு. அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒன்றும் தோன்றாது. சரியாக இருக்கிறது என்று சொன்னால் அன்று சோறு ருசிக்கும். சரியாகச் செய்வது ஒன்றுதான் என் கர்வம்! அந்தக் கர்வத்தைத்தான் விற்றேன்.

கடலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொழுதுபோக்குக் கலைகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. தபால்தலை சேர்ப்பவர்கள், காகிதப் பூ செய்பவர்கள், நடுவில் நானும் என் ஆறு பெட்டிகளும். இரண்டாம் நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து ஒரு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வெளிர் நீலப் பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பிள்ளைகள் நகர்ந்த பிறகும் அவர் நகரவில்லை. மேசை மட்டத்துக்குக் குனிந்து என் பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"உள்பக்கம்ங்க. இரும்புப் பொட்டி எல்லாத்துலயும் உள்பக்கம்தான்."

"இதுக்கு முன்னாடி மரப்பொட்டி ஓடுச்சே... அதுல?"

எனக்குத் தெரியாது. மரப்பெட்டிக்கு வரைபடம் தேடி நான் அலையாத இடமில்லை. கிடைக்கவில்லை, அதனால் செய்யவே இல்லை. அதைச் சொன்னேன்.

"படம் எங்கப்பாகிட்ட இருக்குது" என்றார்.

அவர் ஏன் கதவைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அவராகத்தான் சொன்னார், பிள்ளைகள் காகிதப் பூவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில், வருகைப் பதிவேடு படிப்பதைப் போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

அவர் பெயர் கிரேஸ். பதினைந்து வயதில் அப்பா, அம்மா, ஐந்து வயதுத் தம்பி டேவிட் எல்லாரோடும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் வந்திருக்கிறார். மழைக்காலம். அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிரேஸுடையது. அப்பா அதே பெட்டியின் இன்னொரு கோடியில், தெரிந்தவர்களோடு. பரங்கிப்பேட்டை தாண்டியதும் கிரேஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. பதினைந்து வயதுக் கையால் போட முடியவில்லை. இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, சாய்ந்து, கண் அயர்ந்துவிட்டார். புதுச்சத்திரம் வந்தபோது கதவு திறந்திருந்தது. தம்பி இல்லை.

பிள்ளையைப் பாதையோரச் சரிவில் எடுத்தார்கள். உயிர் இல்லை.

அவருடைய அப்பா ஞானமுத்து, பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். "அந்தப் பொட்டியில கதவு வெளிப்பக்கம் தொறக்கும். தாப்பா போடாத கதவுல புள்ள சாஞ்சிருக்கான், தொறந்துக்கிச்சு" என்று அவர் சொல்லிவிட்டார். பெட்டிக்காரர் சொன்னால் யார் மறுப்பார்கள்? கிரேஸ் மட்டும் மறுத்தார். கதவை வெளியே பார்க்கத் தள்ளிச் சாத்தியதாகத்தான் தனக்கு ஞாபகம்; உள்ளே திறக்கும் கதவில் பிள்ளை சாய்ந்தால் அது இன்னும் இறுக்கமாகத்தானே சாத்திக்கொள்ளும்? யாரோ திறந்துவிட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. அம்மா சாகும்வரை அவரிடம் சரியாகப் பேசவில்லை. கிரேஸ் அதன் பிறகு ரயிலேறவில்லை. எங்கே போனாலும் பஸ்தான். கொஞ்ச காலத்தில் அந்த மரப்பெட்டிகளும் பாதையை விட்டுப் போய்விட்டன.

"படம் அப்பாவோட டிரங்குப் பெட்டியில இருக்குது. எனக்கு அத பாத்தா புரியாது, அவரும் காட்ட மாட்டாரு. நீங்க செஞ்சி குடுங்க சார். அந்தக் கதவ நான் ஒரு தடவ தொறந்து பாக்கணும். அப்பா 'நீ சொன்னது சரிதாம்மா'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னா போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரம் போனேன். என் அவசரம் அவருக்காகத்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

ஞானமுத்துவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் பேச்சு தெளிவு. மகள் எதிரில் அவரால் மறுக்க முடியவில்லை. கட்டிலடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொல்லி, பூட்டைத் திறந்து, ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தார். நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள்... பெட்டியின் பக்கவாட்டுத் தோற்றம்! பலகை இணைப்புகள், ஜன்னல் சட்டங்கள், படிக்கட்டு, எல்லாம் அங்குல அளவோடு.

ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பக்கவாட்டுப் படம் சொல்லாது. மேலிருந்து பார்க்கிற படம் வேண்டும். கேட்டேன். "தேடணும்" என்றார். இரண்டாம் முறை போனபோதும் "தேடணும்" என்றார். எனக்குச் சந்தேகம் வரவில்லை. முதியவர், மறதி என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை ஒரு வேலை நாளில் போனேன். கிரேஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஞானமுத்து டிரங்குப் பெட்டியை மறுபடி இழுக்கச் சொன்னார். பிறகு மிச்சமிருந்த மூன்று தாள்களையும் கட்டிலில் விரித்தார்.

மேல்தோற்றப் படத்தில் ஒவ்வொரு கதவுக்கும் அது திறக்கும் வழியைக் காட்டும் ஒரு கால்வட்டக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு பெட்டியின் உட்பக்கம் வளைந்திருந்தது. எல்லாக் கதவுக்கும்.

நான் நிமிர்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாத்துட்ட இல்ல? அவ சாத்துன கதவ நாந்தான் தம்பி தொறந்தேன். பீடி புடிக்கலாம்னு. மழயில மரம் உப்பியிருந்துது, ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியதாப் போச்சு. புடிச்சி முடிச்சிட்டு என் எடத்துக்குப் போயிட்டேன். சாத்தல."

"யாரும் பாக்கலீங்களா?"

"இல்ல. கூட வந்தவங்கல்லாம் தூங்கிட்டிருந்தாங்க."

"ஒங்க பொண்ணுகிட்ட..."

"எப்படி சொல்றது? புள்ளயத் தூக்கிட்டு வந்தப்ப அவங்கம்மா மொதல்ல அவளத்தான் புடிச்சி உலுக்குனா, 'கதவ ஏன்டி தொறந்து விட்ட'ன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அது அவ தலையில விழுந்துடுச்சு. அப்புறம் எடுக்க முடியல. ஒரு நாள் போச்சு, ஒரு வருஷம் போச்சு..."

அவர் அழவில்லை. தாள்களைத் தாமே சுருட்டினார். முதலில் கொடுத்த தாளையும் சேர்த்து நான்கையும் ஒன்றாகச் சுருட்டி, நாடாவால் கட்டி, என் பக்கம் நீட்டினார்.

"நாலும் ஒனக்குத்தான். நீயே வச்சிக்க. இது இந்த ஊட்டுல இருக்க வேணாம். கதவ மட்டும் வெளிப்பக்கம் வையி."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். நான் அவசரப்படவே இல்லை. சாவகாசமாக அந்தச் சுருளை வாங்கினேன், ஓரம் மடங்காமல் பைக்குள் வைத்தேன், "வரேங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. சம்மதம் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. அந்தச் சொல் தேவைப்படவும் இல்லை.

ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு நானே ஒரு நியாயம் தயார் செய்துகொண்டேன். வயதானவர், இன்னும் எத்தனை நாள்? இந்த வயதில் மகள் அவரை வெறுத்தால் யார் ஒரு வாய்க் கஞ்சி கொடுப்பார்கள்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு கேள்வி அந்த நியாயத்தை உடைத்துவிடுகிறது. அந்த நான்கு தாள்களும் இல்லாமல், இரக்கத்தை மட்டும் காட்டி அவர் கேட்டிருந்தால், நான் கதவை மாற்றியிருப்பேனா? மாட்டேன்! ஒரு ஜன்னல் கம்பியைக்கூட மாற்றியிருக்க மாட்டேன்.

எனவே அது இரக்கமல்ல. ஆசை.

பெட்டியைச் செய்ய நான்கு மாதம் ஆயிற்று. கிரேஸ் உள்ளே பார்க்க வேண்டும் என்பதால் கூரையைக் கழற்றும்படி வைத்தேன். பல் கட்டும் கம்பியில் கீல் செய்தேன். உள்ளே திறக்கும் கதவை வெளியே திறக்க வைப்பது சுலபமில்லை. நிலைச்சட்டத்தின் விளிம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கீலை வெளிமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும், படிக்கட்டின் கைப்பிடியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாலைகள் என்றேனே, அவை இதற்குத்தான். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாருக்குங்க இது? இவ்ளோ கவனமா செய்றீங்க" என்றாள். ஒரு டீச்சருக்கு என்றேன்.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று வீட்டில் மூவர்தான். ஞானமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். கிரேஸ் மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்திருந்தார். கூரையைக் கழற்றிக் காட்டினேன்.

"இதாம்பா நாம ஒக்காந்திருந்த எடம்" என்று ஒரு பலகையைக் காட்டினார். பிறகு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினார். ஊசி முனையால் கதவை முதலில் உள்ளே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. உட்புறமிருந்து மெல்லத் தள்ளினார்.

கதவு வெளியே திறந்துகொண்டது.

அந்தக் கணத்தில் நான் எதைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் முகத்தை அல்ல. கீலைப் பார்த்தேன். எங்கும் உரசாமல் சுழல்கிறதா என்று பார்த்தேன். சுழன்றது. எனக்குள் ஒரு திருப்தி வந்தது... ஆம், திருப்தி!

அவர் கதவை மூடினார். மறுபடி தள்ளினார். மறுபடி திறந்தது. நான்கைந்து முறை. பிறகு ஊசியை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னதுதாம்பா சரி. நாந்தான் ஏதோ தப்பா நெனச்சிக்கிட்டு... இத்தன வருஷம் ஒங்கள போயி பொய் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேனே."

ஞானமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் கிரேஸ், "ரொம்ப நன்றி சார். யாரு மெனக்கெட்டு இப்படி செஞ்சி குடுப்பாங்க?" என்றார். காபி கொடுத்தார். குடித்தேன்.

அதன் பிறகு நான் எனக்காக இன்னொரு பெட்டி செய்தேன். நான்கு தாளையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல். சென்னையில் எங்களைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனேன். முன்பின் தெரியாத ஒருவர் சிறு இடுக்கியால் கதவைப் பிடித்துத் திறந்து பார்த்து, "பலே! உள்பக்கம் தொறக்குது. இந்தளவுக்கு யாருங்க பாக்கறாங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமும் இல்லை, வெட்கமும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் வெகு நாள் கழித்துத்தான் வந்தது. வந்தும் என்னை ஒன்றும் செய்ய வைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஞானமுத்து இறந்துபோனார். கிரேஸ் போனில் சொன்னார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை இல்லை.

இனி மறைக்க யாருமில்லை என்று அப்போது தோன்றியது. சொல்லிவிடலாம். சொல்லத்தான் போனேன், நம்புங்கள். அந்த மேல்தோற்றப் படத்தை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு, கோடைவிடுமுறையில் ஒரு பகல் வேளை சிதம்பரம் போனேன். வழியெல்லாம் முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன்.

கிரேஸ் என்னை உட்காரச் சொன்னார். நான் வாயெடுப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். நீங்க பொட்டி செஞ்சி குடுத்த பெறகுதான் எனக்கும் அப்பாக்கும் நடுவுல இருந்த சண்ட நின்னுச்சு. கடைசி வாரம் அவரு கையப் புடிச்சிக்கிட்டு கேட்டேன், 'டேவிட நாந்தாம்பா விட்டுட்டேன், என்ன மன்னிச்சிடுங்க'ன்னு. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் எந்தலையில கைய வச்சி, 'மன்னிச்சிட்டேம்மா'ன்னாரு."

மன்னித்துவிட்டாராம்!

என் முதல் வாக்கியம் எங்கோ போய்விட்டது. இதை இப்போது எடுத்துவிட்டால் இந்தப் பெண்ணிடம் என்ன மிஞ்சும்? தலைமேல் இருந்த அப்பாவின் கை மிஞ்சுமா? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்தேனா, அல்லது யோசிப்பதாகக் காட்டிக்கொண்டு தப்பித்தேனா? இதை நூறு முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

"அது என்ன சார் கையில?"

"படம்ங்க. அப்பா குடுத்தது. ஒங்ககிட்ட திருப்பிக் குடுத்துடலாம்னு..."

"எனக்கு எதுக்கு சார்? எனக்குத்தான் புரியாதே. நீங்களே வச்சிக்குங்க. அப்பா ஞாபகமா இருக்கட்டும்."

இரண்டாம் முறையும் அதை நான் வாங்கிக்கொண்டேன்.

புறப்பட்டபோது அவரும் கைப்பையை எடுத்துக்கொண்டார். கடலூரில் ஏதோ அலுவலக வேலை. "பஸ் வேணாம் சார், ரயில்லயே போலாம். இப்பல்லாம் ஏறறேன். அப்பா போன பெறகு பயம் போயிடுச்சு" என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

பெட்டியில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். கிள்ளை போயிற்று. அவர் ஓய்வு பெற்றபின் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பற்றிப் பேசினார். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரலாம் என்றிருக்கிறாராம். பரங்கிப்பேட்டையில் ரயில் நின்று கிளம்பியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார்.

கதவு திறந்திருந்தது. வாசல்படியில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் உள்ள வாங்க தம்பி, கதவ சாத்திடறேன்."

"தொறந்தே இருக்கட்டுங்கா, காத்து வருதில்ல? உள்ள புழுக்கம் ஜாஸ்தி."

"எந்தம்பி இந்த எடத்துலதான் விழுந்தான்" என்றார் கிரேஸ். குரலில் நடுக்கமில்லை, தம் ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். "அஞ்சு வயசு. நான் தாப்பா போடாம விட்டுட்டேன். என்னாலதான்."

அந்த ஆள் சட்டென்று எழுந்து உள்ளே வந்தார். "தெரியாம சொல்லிட்டேங்கா" என்றார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினார். கிரேஸ் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் திருகிப் போட்டு, ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அடுத்தது புதுச்சத்திரம்தானே சார்?"

"ஆமாங்க" என்றேன்.

சுருள் என் மடியில் இருந்தது. கடலூர் வர இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.